கப்பலின் கணிச்சம்

அந்தக் கப்பலுக்கு நான் நான்கு முறை இறங்கியிருக்கிறேன். ஐந்தாவது முறை போவதற்கான வழியும் என் பையில் இருந்தது. அதை நான் திருடி வைத்திருந்தேன்.

புத்தாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. ஆரியசாலையில் எங்களுக்கு ஹார்டுவேர் கடை. ஆணி, போல்ட், சங்கிலி, நைலான் கயிறு, படகுக்கு அடிக்கிற பெயின்ட். எனக்கு முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, ஸ்டூலில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார வராது. உட்கார்ந்தால் கால் தானாக ஆடும். ஒரு வாடிக்கையாளருக்குக் கீல் எடுத்துக் கொடுப்பதற்குள் மூன்று முறை வாசலுக்குப் போய்வந்துவிடுவேன். "எலே, இருக்க எடத்துல இருக்க மாட்டியால? கடையில பேய் புடிச்ச மாதிரி அலையுத" என்பார் அப்பா. அவர் திருநெல்வேலியிலிருந்து வந்து நாற்பது வருடமாக ஒரே நாற்காலியில் இருப்பவர். அந்த நாற்காலியைப் பார்த்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கும்.

கோவளத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கு டைவிங் கற்றுக்கொடுக்கும் ஒருவன் எங்கள் கடைக்குத் துருப்பிடிக்காத கொக்கிகள் வாங்க வருவான். என்னைவிட நாலைந்து வயது சின்னவன். அவனிடம் நச்சரித்து ஒரு டிசம்பரில் நானும் கற்றுக்கொண்டேன். கடலுக்கடியில் போனால் அலைச்சல் அடங்கும் என்று நினைத்தேன். அடங்கவில்லை. மற்றவர்கள் நாற்பது நிமிடம் வைத்துக்கொள்ளும் சிலிண்டரை நான் இருபதே நிமிடத்தில் காலி செய்தேன். பரபரப்பாக மூச்சு விடுகிறவனுக்குக் காற்று நிற்காது. "சேட்டா, மெல்ல, மெல்ல. இது சர்பத் இல்ல, இப்படி உறிஞ்சுறதுக்கு" என்று ஒவ்வொரு முறை மேலே வந்ததும் சொல்லுவான். அவன் சொல்வதும் சரிதான், எனக்குக் கோபம் வருவதும் சரிதான்.

கப்பல் எங்களுக்குக் கிடைத்தது ஒரு நங்கூரத்தால். நகரத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரிலிருந்து எங்கள் கடைக்குக் கயிறு வாங்க வரும் மீன்பிடிக்காரர் ஒருவர் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். சொந்தமாக ஒரு ஃபைபர் வள்ளம், அதில் ஒரு எஞ்சின். தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் வரும். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை மக்ளே என்பார். ஒருநாள் முகம் வாடி வந்து நின்றார்.

"நங்கூரம் கப்பல்ல குடுங்கி மாட்டிப் போச்சு மக்ளே. வலிச்சு வலிச்சு கை போச்சு. கயிறை அறுத்துட்டு வந்தேன்."

"எந்தக் கப்பல்?"

வாய் தவறிச் சொல்லிவிட்டதை அப்போதுதான் உணர்ந்தார். கடையில் வேறு யாரும் இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார். இரண்டாம் உலகப்போரில் குண்டு வாங்கி முங்கிய சரக்குக் கப்பலாம். எந்த நாட்டுக் கப்பல், பெயர் என்ன, எதுவும் அவருக்குத் தெரியாது. அவருடைய அப்பா கண்டுபிடித்தது. பதினாறு பாகம் ஆழம். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். மீட்டர் கணக்கில் முப்பதை ஒட்டி வரும். கப்பல் கிடக்கும் இடத்தில் மீன் அடையும். வேறெங்கும் ஒன்றும் அகப்படாத நாளில் அந்தக் கப்பல் கைவிடாது. அவர் வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான் என்று சொன்னார்.

நான் எடுத்துத் தருகிறேன் என்று குதித்தேன். சிரித்தார். மூன்று நாள் யோசித்துவிட்டு வந்து சம்மதித்தார். கோவளத்துக்காரனும் கூட வருவான், தனியாக இறங்கக்கூடாது என்று விளக்கினேன். அதற்கும் சரி என்றார். ஒரே ஒரு நிபந்தனை.

"எடம் எனக்க அப்பனுக்க கணிச்சம். ஆருகிட்டயும் சொல்லப்பிடாது. எங்கயும் எழுதப்பிடாது. அந்தப் பெட்டியில குத்தவும் பிடாது."

பெட்டி என்றது ஜி.பி.எஸ். கருவியை. அந்த ஊரில் ஒன்றிரண்டு பேர் அப்போதுதான் வாங்கத் தொடங்கியிருந்தார்கள். அவருக்கு அது பிடிக்காது. "பெட்டிக்குத் தெரிஞ்சா, பெட்டியக் களவாண்டுட்டுப் போறவனுக்கும் தெரியும்" என்பார். சரியென்று கையடித்துக் கொடுத்தேன்.

கணிச்சம் என்றால் என்ன என்பதை வள்ளத்தில் போகும்போது கண்ணால் பார்த்தேன். கரையில் இருக்கும் ஒரு பொருளையும் அதற்குப் பின்னால் தூரத்தில் இருக்கும் இன்னொன்றையும் ஒரே கோட்டில் கொண்டுவர வேண்டும். இன்னொரு பக்கம் அதேபோல் வேறு இரண்டு. இரண்டு கோடும் எங்கே வெட்டிக்கொள்கிறதோ அங்கே கப்பல். அவர் எஞ்சினைத் தணித்துக்கொண்டு எழுந்து நின்று, ஊர்ப் பள்ளியின், அதாவது அவர்களுடைய தேவாலயத்தின், வெள்ளைக் கோபுரத்தையே உற்றுப் பார்த்தார். அது கிழக்கு மலையின் ஏதோ ஒரு பள்ளத்தில் போய் உட்கார வேண்டும். பிறகு தெற்கே திரும்பி வேறெதையோ பார்த்தார். நானும் பார்த்தேன். எனக்குத் தென்னை தெரிந்தது, மலை தெரிந்தது, அவ்வளவுதான்.

"நல்லாப் பாரு. பாத்தாலும் ஒனக்கு ஒண்ணும் மனசிலாகாது" என்று சிரித்தார். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கல் கட்டிய கயிற்றை இறக்கினார்.

அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். முதல் பத்து மீட்டர் வெறும் பச்சை. காது வலித்தது, மூக்கைப் பிடித்து ஊதினேன். வழக்கம்போல மூச்சு ஓட்டமாக ஓடியது. கீழே ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. பாறை என்று நினைத்தேன். இன்னும் இறங்கியபோது அந்தப் பாறைக்குக் கைப்பிடிக் கம்பிகள் இருந்தன. கப்பல் ஒருபக்கமாகச் சாய்ந்து மணலில் கிடந்தது. மேலெல்லாம் சிப்பியும் பவளமும் அப்பியிருந்தன. பாய்மரம் போன்ற ஒரு தடித்த இரும்புத் தூண் ஒடிந்து மணலில் நீட்டிக்கொண்டிருந்தது. சங்கரா மீன்கள் கூட்டமாக ஒதுங்கி எங்களுக்கு வழிவிட்டன. அவருடைய நங்கூரம் ஒரு கம்பி இடுக்கில் மாட்டியிருந்தது. எங்கள் கடையில் வாங்கிய நீலக் கயிறு அதன் மேல் ஆடிக்கொண்டிருந்தது.

நங்கூரத்தை விடுவிக்க ஐந்து நிமிடம் பிடித்தது. அதற்குமேல் அங்கே எங்களுக்கு வேலையில்லை. ஆனால் சரக்கு அறையின் வாய் திறந்து கிடந்தது. நான் கோவளத்துக்காரனைப் பார்த்தேன், அவன் ஒரு விரலைக் காட்டினான். ஒரே ஒரு நிமிடம்.

டார்ச்சை அடித்தேன். உள்ளே வரிசையாகப் பீப்பாய்கள். தொட்டுப் பார்த்தேன், மரம் இல்லை. மரமெல்லாம் எப்போதோ போய்விட்டது. உள்ளே இருந்த சரக்கு துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பீப்பாயின் வடிவத்திலேயே நின்றுகொண்டிருந்தது. கையுறையால் தேய்த்துப் பார்த்தேன். ஆணிகள். இரண்டரை இஞ்ச் ஆணி. எனக்கு அதைச் சொல்ல அளவுகோல் வேண்டியதில்லை. பக்கத்தில் ஒரு குவியல் சங்கிலி, அதற்கப்பால் போல்ட்டுகள். கடையிலிருந்து தப்பித்துக் கடலுக்கடியில் முப்பது மீட்டர் போனவனுக்கு அங்கேயும் ஹார்டுவேர் கடை திறந்துவைத்திருந்தார்கள். சிரிப்பு வந்து, வாய்க்குள் தண்ணீர் போயிற்று.

அப்புறம் ஒன்று நடந்தது. அங்கே யாரும் எதையும் கேட்கவில்லை. எந்தச் சரக்கும் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. நான் அந்தப் பீப்பாய்களுக்கு நடுவில் அசையாமல் மிதந்தேன். கால் ஆடவில்லை. மூச்சு எப்போது தணிந்தது என்று எனக்குத் தெரியாது. கோவளத்துக்காரன் வந்து தோளைத் தட்டி, என்னுடைய காற்று மானியைத் திருப்பிப் பார்த்து, கண்ணாடிக்குள் கண்ணை விரித்தான். முதல் தடவையாக அவனைவிட என்னிடம் காற்று அதிகமாக இருந்தது.

மேலே வந்து வள்ளத்தின் விளிம்பைப் பிடித்ததும் நான் அழுதேன். உப்புத் தண்ணீர் முகத்தில் இருந்ததால் இரண்டு பேரும் கவனிக்கவில்லை. நங்கூரம் கிடைத்த சந்தோஷத்தில் அவர் வேறெதையும் பார்க்கும் நிலையில் இல்லை.

நன்றிக்கடனாக அந்தப் பருவத்தில் இன்னும் மூன்று முறை எங்களைக் கூட்டிப்போனார். ஒவ்வொரு முறையும் கப்பலுக்குள் மட்டும்தான் எனக்கு அப்படி ஆயிற்று. வேறு பாறைகளில் இறங்கினால் பழைய கதைதான், இருபது நிமிடத்தில் சிலிண்டர் காலி. இரண்டு முறைக்கு நடுவில் வரும் வாரங்கள் பொறுக்க முடியாதவையாக இருந்தன. சாலைக் கடைத்தெருவில் நடக்கும்போதுகூட அவர் வருகிறாரா என்று தேடுவேன். அவர் நாளைக்கே மனம் மாறிவிட்டால்? காய்ச்சலில் படுத்துவிட்டால்? அவருடைய தலைக்குள் மட்டும் இருக்கிற ஒரு இடத்தை நம்பி நான் எப்படி இருப்பது?

நாலாவது முறை போனபோது, துபாயிலிருந்து அத்தை மகன் கொண்டுவந்த ஜி.பி.எஸ். கருவி என் துணிப்பைக்குள் இருந்தது. கப்பலுக்கு மேலே வந்து நின்றதும் துண்டு எடுப்பது போலப் பைக்குள் கையை விட்டேன். அவர் குனிந்து எஞ்சினில் சுற்றிக்கொண்ட கயிற்றை எடுத்துக்கொண்டிருந்தார். இடம் பதிவாகும் பொத்தானை அழுத்தினேன். ஒரு சின்ன 'பீப்' கேட்டது. எஞ்சின் அணைந்திருந்தும் அவர் திரும்பவில்லை. அன்று கப்பலுக்குள் போனபோது மூச்சு தணியவேயில்லை, பதினைந்து நிமிடத்தில் மேலே வந்துவிட்டேன்.

பிறகு மழைக்காலம் வந்தது. கடல் கலங்கியது, வள்ளங்கள் கரையேறின. அந்த மூன்று மாதத்தில்தான் அவருடைய ஊர்க்காரர்கள் பள்ளியை இடித்தார்கள்.

பழைய கட்டடம் ஒழுகியது, ஞாயிற்றுக்கிழமை ஆட்களுக்கு இடம் போதவில்லை. புதிதாக, பெரிதாக, ரோட்டை ஒட்டிக் கட்ட ஊர் கூடி முடிவெடுத்தது. வேலையில்லாத காலம் என்பதால் எல்லோரும் கை கொடுத்தார்கள். அவரும்தான். கயிறு வாங்க வந்தபோது பெருமையாகச் சொன்னார். கோபுரத்துச் சிலுவையை இறக்கியபோது கயிற்றைப் பிடித்தவர்களில் அவர் ஒருவர். அதுவும் எங்கள் கடைக் கயிறு. "நல்ல கயிறு மக்ளே, ஒரு நூல்கூட வழுக்கல்ல."

மழை ஓய்ந்து வள்ளங்கள் மறுபடி இறங்கின. நவம்பரில் நான் அவர் ஊருக்குப் போய், இந்த வருடம் எப்போது போகலாம் என்று கேட்டேன். நீரோட்டம் சரியில்லை என்றார். அடுத்த வாரம் போனேன். தண்ணீர் கலங்கல் என்றார். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அன்று கடற்கரையிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். கடலில் வள்ளங்கள் வழக்கத்துக்கு மாறாகச் சுற்றிச் சுற்றி வந்தன. மீன் பிடிக்காமல், எழுந்து நின்று, நெற்றியில் கைவைத்துக் கரையைப் பார்க்கும் ஆட்கள். ஒரு வள்ளம் நிற்கும், பத்தடி நகரும், மறுபடி நிற்கும். இன்னொரு வள்ளம் பக்கத்தில் வந்தால் உடனே தூண்டிலை எடுத்துப் போட்டு மீன்பிடிப்பது போல உட்கார்ந்துகொள்வார்கள். நான் திரும்பிக் கரையைப் பார்த்தேன். தென்னைகளுக்கு நடுவே அந்த வெள்ளைக் கோபுரம் இல்லை. புதிய பள்ளிக்கு அஸ்திவாரம்தான் ஆகியிருந்தது, அதுவும் வேறு இடத்தில்.

எனக்குப் புரிந்தது. அவர் ஒருவர் மட்டுமில்லை. அந்த ஊரின் பாதிப் பேருடைய கணிச்சம் அந்தக் கோபுரத்தில்தான் இருந்திருக்கிறது. ஒவ்வொருவரும் அதை இரகசியமாக வைத்திருந்ததால், ஊர்க்கூட்டத்தில் ஒருவர்கூட எழுந்து, இடிக்க வேண்டாம், என் இடம் தொலைந்துபோகும் என்று சொல்லவில்லை. சொன்னால் எங்கே என்று கேட்பார்களே. இப்போதும் தொலைத்துவிட்டேன் என்று யாரும் யாரிடமும் சொல்ல முடியாது. இடித்த சந்தோஷத்தில் பலருக்கு அது அப்போது தோன்றியுமிருக்காது.

என் அலமாரியில் அந்தக் கருவி இருந்தது. பொத்தானை அழுத்தினால் போதும்.

சொல்லியிருக்க வேண்டும். அன்றே, அந்தக் கடற்கரையிலேயே. சொல்லவில்லை. மூன்று வாரம் பூனை போலச் சுற்றினேன். இரண்டு முறை கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி, பாதி வழியில் இறங்கித் திரும்பினேன். அவராகவே கண்டுபிடித்துவிட்டால் நான் சொல்ல வேண்டியதில்லை அல்லவா? அவர் கண்டுபிடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அது அவருக்காக வேண்டிக்கொண்டது அல்ல.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் கடைக்கு வந்து ஈயக் குண்டுகள் கேட்டார். பெரியது, நிறைய. கயிற்றில் கட்டி இறக்கிக் கடலடியைத் தட்டித் தட்டித் தேடுகிறார் என்று தெரிந்தது. அப்பா சாப்பிடப் போயிருந்தார்.

"இந்த வருசம் இல்லன்னா வள்ளத்த வித்துட்டு ஆருக்காவது கூலிக்குப் போகணும், கேட்டியா" என்றார், தராசைப் பார்த்துக்கொண்டே. என்ன இல்லை என்று அவர் சொல்லவில்லை.

"அண்ணே, எங்கிட்ட இருக்கு."

"ஈயமா?"

"கப்பல். எடம். பெட்டியில குத்தி வச்சிருக்கேன்."

அவர் கையில் இருந்த குண்டை மேஜைமேல் வைத்தார். என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எப்ப?"

"நாலாவது தடவ போனப்ப."

"நான் எங்க பாத்துட்டு இருந்தேன்?"

"எஞ்சின்ல கயிறு எடுத்துட்டு இருந்தீங்க."

ஈயத்தை வாங்காமலேயே படியிறங்கினார். இறங்கியபின் திரும்பினார்.

"நாளைக்குக் காலத்தே வா. பெட்டியோட வா."

மறுநாள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். டைவிங் சாமான் எதுவும் எடுக்கவில்லை. கருவியின் திரையில் அம்புக்குறி காட்டிய பக்கம் நான் கையை நீட்ட, அவர் வள்ளத்தைத் திருப்பினார். நாற்பது வருடம் கடலில் இருந்தவருக்கு ஆணிக்கடைக்காரன் நான் வழி சொல்லிக்கொண்டு வந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

"இங்கதான் அண்ணே."

கயிற்றில் ஈயத்தை இறக்கினார். மணல். முப்பதடி நகர்ந்து மறுபடி இறக்கினார். மூன்றாவது தடவை, கயிற்றைப் பிடித்திருந்த அவர் கை நின்றது. மெல்லத் தூக்கி மறுபடி தட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்தது. சிலுவை போட்டுக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. அதே கண்ணோடு என்னைப் பார்த்து, "திரும்பி உக்காரு. மேற்கப் பாத்து" என்றார்.

முன்பு நன்றாகப் பார் என்று சொன்னவர்தான்.

திரும்பி உட்கார்ந்தேன். முன்னால் ஒன்றுமில்லை, வெறும் கடல். முதுகுக்குப் பின்னால் அவர் எழுந்து நிற்கும்போது வள்ளம் அசைந்தது. புதிய கணிச்சம் எடுக்கிறார். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார், நிறுத்தினார், தெற்கே திரும்பியிருப்பார், மறுபடி முணுமுணுத்தார். கால்மணி நேரம் ஆகியிருக்கும்.

"இனி அத அழிச்சிரு."

அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழித்தேன். திரை காலியாயிற்று.

"அழிச்சியா?"

"அழிச்சிட்டேன் அண்ணே."

கருவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதைப் படிக்க அவருக்குத் தெரியாது. நான் சொல்வதை நம்புவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை, அதுவும் என்னை. ஒருமுறை என் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையாட்டிவிட்டுத் தூண்டிலை எடுத்தார்.

உண்மையிலேயே அழித்துவிட்டேன். பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் என் முதுகுக்குப் பின்னால் கணிச்சம் எடுத்துக்கொண்டிருந்த அந்தக் கால்மணி நேரமும், நான் மடியில் கருவியை வைத்துக்கொண்டு, திரையில் அந்த இடத்தைக் காட்டிய இரண்டு எண்களையும் உதடு அசையாமல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். இத்தனை வருடத்தில் அந்த எண்களைக் கொண்டு நான் அங்கே போனதில்லை. ஒரு இலக்கத்தைக்கூட மறக்கவும் முடிந்ததில்லை. அன்று கரைக்கு வந்ததும் அவர் பிடித்ததில் மிகப் பெரிய சங்கராவை எடுத்து, ஓலையில் சுற்றி என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.